ஃப்ளோரன்ஸில் அப்பாவுக்கு ஒரு நல்ல சாக்லேட் ஜெலாட்டோ வேண்டும்

மந்தைவெளி மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான், அப்பா, என் ஒன்பது வயது மகன் மூவரும் இப்போது ஃப்ளோரன்ஸில் இருக்கிறோம். சனிக்கிழமை மதியம் வெனிஸுக்கு ரயில். அதற்குள் அப்பாவுக்கு நல்ல சாக்லேட் ஜெலாட்டோ, அதாவது இத்தாலிய ஐஸ்கிரீம், வாங்கித் தர வேண்டும். இந்த ஊரைத் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது, தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளியில் படித்த நாட்களில் எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. சம்பள நாளன்று அப்பா லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு சாக்லேட் ஐஸ்கிரீம் பெட்டி வாங்குவார். கடைக்காரர் அதை நாலைந்து மடிப்பு செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டித் தருவார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மந்தைவெளி வரைக்கும் வேகவேகமாக நடந்து வருவார். அம்மா கிண்ணங்களை எடுத்துத் தயாராக வைத்திருப்பாள். உருகுவதற்குள் எல்லாவற்றையும் சாப்பிட்டாக வேண்டும். எங்களுக்கெல்லாம் போட்டு முடித்த பிறகு, பெட்டியின் மூலைகளில் ஒட்டியிருப்பதை அப்பா வழித்துச் சாப்பிடுவார். மற்ற இனிப்பு எதையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

நேற்று சாயங்காலம் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வாங்கினோம். கண்ணாடிக்குப் பின்னால் மலைமலையாகக் குவித்து, மேலே பழத்துண்டும் பிஸ்கட்டும் செருகி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் விலை கேட்கத் தோன்றவில்லை. அளவும் கேட்காமல் பெரிய வாஃபிள் கோனில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றுக்கும் சேர்த்து 36 யூரோ. பணம் போனதுகூடப் பரவாயில்லை, சாக்லேட்டில் சாக்லேட்டே இல்லை. வெறும் இனிப்பு, தூக்கலான வெனிலா வாசனை, சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகு தடவியதுபோல் ஒரு பிசுக்கு. அப்பா "நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாதியைப் பேரனிடம் கொடுத்துவிட்டார். அப்பா எப்போது அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். இரவு முழுக்க அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. நாளைக்கு ஒரு சின்ன கப், அதற்கு மேல் கேட்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒன்றே ஒன்று என்றால் அது சரியானதாக இருக்க வேண்டும் இல்லையா? முட்டை சேர்க்க மாட்டார். முழங்கால் வலி இருப்பதால் அரை மணி நேரம் வரிசையில் நிற்க முடியாது. உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். சாண்டா குரோசே தேவாலயத்துக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறோம்.

அர்னோ கரை எழுதியது:

வணக்கம். நான் நான்கு வருடம் ஃப்ளோரன்ஸில் படித்தேன். அதில் இரண்டு கோடைக்காலம் ஒரு ஜெலாட்டோ கடையின் பின்கட்டில் வேலை பார்த்தேன். இப்போது கோவையில் இருக்கிறேன், கடைசியாக அங்கே போனது 2023-ல். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் போடாமல் தூங்கப் போக மனம் வரவில்லை.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவை வெஸ்ட்ரிக்கு அழைத்துப் போங்கள். அது ஜெலாட்டோ கடை என்பதைவிட சாக்லேட் கடை என்பதுதான் சரி. அரெட்ஸோ ஊர்க்காரர்கள், குடும்பமாகச் சாக்லேட் செய்கிறவர்கள், டொமினிக்கன் குடியரசில் சொந்தமாகக் கோகோ தோட்டம் வைத்திருக்கிறார்கள். ஜெலாட்டோவில் சில வகைகள்தான் இருக்கும், அவற்றையும் மூடிபோட்ட குழிப்பாத்திரங்களில் வைத்திருப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அதனாலேயே பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாண்டா குரோசே சதுக்கத்திலிருந்து வியா வெர்டி வழியாக நேரே வடக்கே நடங்கள். மேடு பள்ளம் இல்லாத சாலை, அப்பாவின் நடைக்குப் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். சால்வெமினி சதுக்கம் வந்ததும் இடது பக்கம் திரும்பினால் போர்கோ டெல்யி ஆல்பிட்ஸி தெரு. கடை எண் 11, பக்கத்தில் ஆர் என்ற எழுத்து இருக்கும்.

அந்த ஆர் முக்கியம். ஃப்ளோரன்ஸில் வீடுகளுக்கு ஒரு வரிசை எண், கடைகளுக்கு வேறொரு வரிசை எண். கடைகளின் எண் சிவப்பில் இருக்கும், ரொஸ்ஸோ என்றால் சிவப்பு, அதன் சுருக்கம்தான் அந்த ஆர். ஒரே தெருவில் சிவப்பு 11 ஓரிடத்திலும் வீட்டு எண் 11 வெகு தூரம் தள்ளியும் இருக்கலாம். வலிக்கும் காலோடு அப்பாவை அலைய வைக்க வேண்டாம் என்பதால் சொல்கிறேன்.

அங்கே போய் ஃபோண்டென்டே என்று கேளுங்கள். கறுப்புச் சாக்லேட் என்று பொருள். எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான், முக்கியமாகத் தண்ணீரில் செய்த ஃபோண்டென்டே இருக்கிறதா என்று. ஜெலாட்டோ என்றாலே பாலும் க்ரீமும்தான் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பால் கொழுப்பு நாக்கில் ஒரு படலமாகப் படிந்துகொண்டு கோகோவின் மணத்தை அமுக்கிவிடும். பாலை எடுத்துவிட்டுத் தண்ணீர், சர்க்கரை, கோகோ, நல்ல சாக்லேட் இவ்வளவை மட்டும் வைத்துச் செய்தால் மறைக்க ஒன்றுமில்லை. சாக்லேட் மட்டமாக இருந்தால் முதல் ஸ்பூனிலேயே தெரிந்துவிடும். கடையைப் பற்றி மற்ற எல்லாவற்றையும் அந்த ஒரு ஸ்பூன் சொல்லிவிடும் என்பது என் அனுபவம். இன்னொன்று, பாலே இல்லாத இந்த வகையில் முட்டையும் பெரும்பாலும் இருக்காது. அப்பாவுக்குப் பொருத்தம். ஆனால் இதிலும் சர்க்கரை தாராளமாகவே இருக்கும். கசக்கிறதே என்று அதை மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் நேற்று ஏமாந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சாக்லேட்டைக் கண்ணால் பார்த்து மதிப்பிட முடியாது. கருகருவென்று இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் கோகோவை ஆல்கலி என்ற காரப்பொருள் சேர்த்துப் பதப்படுத்தினால் மட்டமான தூளும் கறுத்துவிடும். அதனால் சாக்லேட்டைத் தெரிந்துகொள்ள, அதற்குப் பக்கத்தில் இருப்பவற்றைப் பாருங்கள். பிஸ்தா மங்கிய, கொஞ்சம் பழுப்பு கலந்த பச்சையாக இருக்க வேண்டும். கிளிப்பச்சையாக இருந்தால் சாயம். வாழைப்பழ ஜெலாட்டோ மசித்த வாழைப்பழம்போல் வெளிறியிருக்க வேண்டும், மஞ்சளாக இருந்தால் அதுவும் சாயம்தான். அவற்றில் பொய் சொல்லும் கடை சாக்லேட்டில் மட்டும் உண்மை சொல்லாது. அப்புறம் அந்த மலைக்குவியல். தட்டின் விளிம்புக்கு மேலே நிற்கும் பகுதிக்குக் குளிர் சரியாகப் போய்ச் சேராது. அப்படியும் உருகாமல் நிற்கிறது என்றால் காற்றும் தாவரக் கொழுப்பும் கெட்டிப்படுத்தும் பொருள்களும் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். நீங்கள் சொன்ன மெழுகுப் பிசுக்கு பெரும்பாலும் அந்தக் கொழுப்புதான்.

கெட்டிப்படுத்தும் பொருள் என்பதே மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல கடைகளிலும் கொஞ்சம் போடுவார்கள். ஒன்று கேரப் மரத்தின் விதை மாவு. இன்னொன்று குவார், நம் கொத்தவரை விதைப் பொடிதான். உலகில் அதிகமாக விளைவது ராஜஸ்தானில். அந்த மூட்டையை முதல் நாள் பிரித்தபோது ஊர் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

எங்கள் பின்கட்டில் காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். முதலில் வெறும் பாலில் செய்யும் ஃபியோர் டி லாட்டே, பிறகு வெளிர் நிறங்கள், பிறகு பருப்பு வகைகள். சாக்லேட் கடைசியில்தான். அது ஓடிய பிறகு இயந்திரத்தை முழுவதும் கழுவாமல் வேறு எதையும் போட முடியாது. கலவையை 85 டிகிரி வரை சூடாக்கி, அந்தச் சூட்டில் சாக்லேட்டைக் கரைத்து, ஆறவைத்துத்தான் இயந்திரத்தில் ஊற்றுவோம். கோகோ வெண்ணெய் குளிரில் இறுகிவிடுவதால் மற்ற வகைகளைவிடச் சாக்லேட் கெட்டியாகும். அதனால் கப்பில் போடுவதற்கு முன் தட்டையான கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். மாலையில் மணிக்கட்டு விண்விண்ணென்று வலிக்கும். கடையில் உங்களுக்குக் கொடுப்பவர் அப்படிப் பிசைகிறாரா என்று பாருங்கள். பிசைந்து கொடுத்தால் அது தன் பொருளை மதிக்கிற கடை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றன்று செய்யும் கடைகளில் பத்து மணிக்குப் போனால் முந்தின நாள் சாக்லேட் கிடைக்க வாய்ப்புண்டு. மதியத்துக்கு மேல் போங்கள்.

வெஸ்ட்ரி மூடியிருந்தால் வேறு இடம் வேண்டும் அல்லவா? நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்கு வெகு அருகில் இஸோலா டெல்லே ஸ்டிங்கே தெருவில் வீவொலி இருக்கிறது. மிகப் பழைய கடை, கோன் கிடையாது, கப் மட்டும்தான். ஆனால் இப்போது ஜெலாட்டோவின் மேல் காப்பி ஊற்றித் தரும் அவர்களுடைய அஃபொகாட்டோ இணையத்தில் பரவி, வரிசை தெருவுக்கு வந்துவிடுகிறது. முழங்கால் வலியோடு வேண்டாம். முட்டை சேர்ந்த பழைய பக்குவங்களும் அங்கே உண்டு, கேட்டுத்தான் வாங்க வேண்டும். துவோமோ என்ற பெரிய தேவாலயத்தின் பக்கம் போனால் வியா டெய் தவொலினியில் பெர்கே நோ, 1939-லிருந்து இருக்கும் கடை. ஆற்றைக் கடந்தால் பஸ்ஸெரா சதுக்கத்தில், அந்தச் சதுக்கத்தின் பெயரிலேயே ஒரு சின்னக் கடை. அங்கும் மூடிபோட்ட பாத்திரங்கள்தான். அந்தக் கடை எனக்கு மிகவும் பிடிக்கும். அங்கே வாங்கிக்கொண்டு சாண்டோ ஸ்பிரிட்டோ சதுக்கத்துக்கு மெதுவாக நடந்தால் மரநிழலில் பெஞ்சு கிடைக்கும்.

உட்காருவதைப் பற்றி. 2018-ல் நகராட்சி வியா டெய் நேரியிலும் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள சில தெருக்களிலும் மதியமும் இரவும் குறிப்பிட்ட நேரங்களில் நடைபாதையிலும் வாசற்படியிலும் உட்கார்ந்து சாப்பிடத் தடை போட்டது. அப்போது அபராதம் 150 முதல் 500 யூரோ வரை இருந்தது. அவ்வளவு கூட்டம் அந்த ஒடுக்கமான தெருக்களில். அதனால் யார் வீட்டு வாசற்படியிலும் அப்பாவை உட்கார வைக்காதீர்கள். சாண்டா குரோசே சதுக்கத்தின் ஓரங்களில் கல் பெஞ்சுகள் இருக்கின்றன.

பையனுக்குச் சாக்லேட் கசந்தால் ஸ்ட்ராச்சடெல்லா வாங்கிக் கொடுங்கள். வெள்ளை ஜெலாட்டோவில் உருக்கிய சாக்லேட்டைச் சரம்சரமாக ஊற்றி உடைத்துவிடுவது. 1961-ல் பெர்கமோ நகரத்துக் கடை ஒன்றில் பிறந்த வகை அது.

மந்தைவெளி மகள் எழுதியது:

படித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ரொம்ப நன்றி. அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கொத்தவரை விஷயத்தைக் கேட்டதும் "அப்ப அதுல நம்ம ஊர்க் காய் இருக்குன்னு சொல்லு" என்றார்.

இரண்டு சந்தேகம். முட்டை இருக்கிறதா என்று இத்தாலிய மொழியில் எப்படிக் கேட்பது? நேற்று ஆங்கிலத்தில் கேட்டபோது அந்தப் பெண் யோசிக்காமலே "நோ, நோ" என்றாள். அவள் சொன்னதை நம்ப முடியவில்லை. இன்னொன்று, சின்ன கப் என்ன விலை இருக்க வேண்டும்?

பலேர்மோ தம்பி எழுதியது:

அக்கா, வணக்கம். நான் யாழ்ப்பாணம். பதினாறு வருசமாகப் பலேர்மோவில் இருக்கிறேன், ஹோட்டல் சமையலறையில் வேலை. ஃப்ளோரன்ஸுக்கு இரண்டு தரம்தான் வந்திருக்கிறேன், சரியான சனம். அதனால் கடை விஷயத்தில் அந்த அண்ணா சொன்னதையே கேளுங்கோ. முட்டை விஷயத்தை நான் சொல்கிறேன், எங்கள் அம்மாவும் சைவம்.

"சே லுவோவோ?" என்று கேட்டால் முட்டை இருக்கிறதா என்று அர்த்தம். "சென்ட்ஸா உவோவா" என்றால் முட்டை இல்லாமல். ஆனால் வாயால் கேட்பதோடு விடாதீர்கள். ஐரோப்பாவில் 14 ஒவ்வாமைப் பொருள்களைக் கடைக்காரர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 2014 டிசம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. அதில் முட்டையும் ஒன்று. ஒவ்வொரு வகையிலும் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிய பட்டியல் சுவரிலோ ஒரு கோப்பிலோ இருக்கும். "அல்லெர்ஜெனி" என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். சாக்லேட்டுக்கு நேரே உவோவா என்ற சொல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். அம்மாவோடு எங்கே போனாலும் நான் அப்படித்தான் செய்வேன். அவசரத்தில் கூட்டத்தை அனுப்பிவிடுவதற்காக இல்லை என்று சொல்லிவிடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பட்டியலைக் கேட்டால் நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

க்ரேமா என்று பெயர் இருந்தால் அதில் மஞ்சள்கரு உண்டு. ஃப்ளோரன்ஸில் புவொண்டலெண்டி என்று ஒரு வகை வைத்திருப்பார்கள். அந்த நகரத்தில் 16-ஆம் நூற்றாண்டில் இருந்த கட்டடக் கலைஞர் பெர்னார்டோ புவொண்டலெண்டியின் பெயரை வைத்தது, ஜெலாட்டோவைத் தொடக்கி வைத்தவரே அவர்தான் என்று அந்த ஊர்க்காரர் சொல்லிக்கொள்வார்கள். அதிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். சாக்லேட்டிலேயே ரம் சேர்த்ததும் உண்டு, அதையும் பார்த்து வாங்குங்கோ.

விலை, சின்ன கப் 3 யூரோவிலிருந்து நாலு யூரோவுக்குள். விலைப்பட்டியல் தொங்கவில்லை என்றால் உள்ளே போகாதீர்கள். முதலில் அளவைச் சொல்லுங்கோ, "கொப்பெட்டா பிக்கொலா", சின்ன கப். அதைச் சொல்லிவிட்டால் பெரிய கோனை எடுக்க மாட்டார்கள். பிறகுதான் என்ன வகை என்ற கதை. "பன்னா?" என்று கேட்டால் அடித்த க்ரீம் வேண்டுமா என்று கேட்கிறார்கள், வேண்டாம் என்றால் நோ சொல்லுங்கோ.

அப்பாவை ஒருக்கால் சிசிலிக்குக் கூட்டி வாருங்கள் அக்கா. இங்கே காலைச் சாப்பாடாகவே பன்னுக்குள் ஜெலாட்டோ வைத்துச் சாப்பிடுவார்கள். மொடிகா ஊர்ச் சாக்லேட்டையும் பார்க்க வேண்டும். கோகோவை அதிகம் சூடாக்காமல் செய்வதால் சர்க்கரை கரையாமல் பல்லில் நறநறவென்று கடிபடும். முதல்தரம் சாப்பிட்டபோது எனக்கு எங்கள் வீட்டுப் பனங்கட்டி ஞாபகம்தான் வந்தது.

ரயில் சிநேகிதன் எழுதியது:

எல்லோரும் தேடித் தேடிச் சின்னக் கடைகளையே சொல்கிறீர்கள். வயதானவரை அழைத்துக்கொண்டு, கையில் ஒன்றரை நாள்தான் இருக்கும்போது, தெரிந்த பெயருள்ள கடைக்குப் போவதில் என்ன தப்பு? வென்கி என்று ஒரு நிறுவனம், 1878-ல் தூரினில் தொடங்கிய சாக்லேட் நிறுவனம். துவோமோவிலிருந்து சின்யோரியா சதுக்கத்துக்குப் போகிற வழியிலேயே கடை இருக்கிறது. என் மாமியாரை அழைத்துப் போனபோது அங்கேதான் வாங்கினோம். கறுப்புச் சாக்லேட் மிக நன்றாக இருந்தது. பணியாளர்கள் ஆங்கிலத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், பட்டியலையும் காட்டினார்கள். பல ஊர்களில் கிளை இருக்கிறது என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. மாமியார் மறுநாளும் அங்கேயே போகலாம் என்றார்.

அர்னோ கரை எழுதியது:

ரயில் சிநேகிதன் சொல்வது நியாயம்தான். அவர்களும் அடிப்படையில் சாக்லேட் செய்கிறவர்கள். சாக்லேட் ஜெலாட்டோவுக்குச் சாக்லேட்காரரிடம் போக வேண்டும் என்பதுதான் நானும் சொன்னது. நடக்க முடியாத நாளில் அங்கே போனால் ஏமாற மாட்டீர்கள்.

ஆனாலும் வெஸ்ட்ரியைத்தான் முதலில் சொல்வேன். கோகோவைத் தோட்டத்திலிருந்து கப் வரைக்கும் ஒரு குடும்பம் கையில் வைத்திருப்பதன் வித்தியாசம் நாக்கில் தெரிகிறது. முதலில் கசப்பு, பிறகு ஒரு பழப்புளிப்பு, அது அடங்கியபின் தொண்டையில் வெகு நேரம் நிற்கிற மணம். கோகோ விதையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையோடு சேர்த்துப் புளிக்க வைத்துக் காயவைப்பார்கள். அந்தப் புளிப்பு அங்கே உண்டாவது. வெனிலா தூக்கலான சாக்லேட்டில் அது காணாமல் போய்விடும். படித்துக்கொண்டிருந்தபோது மாதக் கடைசியில் கையில் ஐந்து யூரோ இருந்தால் நான் அங்கேதான் போய் நிற்பேன்.

ஒரு வேண்டுகோள். கப்பை வாங்கியதும் அப்பாவிடம் உடனே சாப்பிடச் சொல்லாதீர்கள். இரண்டு நிமிடம் கையில் வைத்திருக்கட்டும். ரொம்பக் குளிர்ந்திருந்தால் நாக்கு மரத்து, மணம் பிடிபடாது. ஓரங்கள் லேசாக இளகி வரும்போதுதான் சாக்லேட் பேசும்.

மந்தைவெளி மகள் எழுதியது:

போய்விட்டு வந்தோம். இப்போது இரவு பத்து மணி. அப்பாவும் பையனும் தூங்கிவிட்டார்கள்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். வியா வெர்டியில் பாதி தூரத்தில் அப்பா ஒரு சுவரில் சாய்ந்து கொஞ்சம் நின்றார், அவ்வளவுதான். சிவப்பு எண்ணைப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமல் போயிருந்தால் நிச்சயம் அலைந்திருப்போம். எங்களுக்கு முன்னால் நாலு பேர்தான். நான் "அல்லெர்ஜெனி" என்றதும் பட்டியலை எடுத்து, ஃபோண்டென்டே வரியில் விரலை வைத்துக் காட்டினார்கள். உவோவா இல்லை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானும் ஒருமுறை பார்த்தார். கொப்பெட்டா பிக்கொலா என்று பையன் உரக்கச் சொன்னான். மூடியைத் திறந்து, கரண்டியால் அழுத்தி அழுத்திப் பிசைந்துதான் போட்டார்கள்.

கடையில் உட்கார இடமில்லை. கப்பை நான் கையில் வைத்துக்கொண்டு, வெளியே ஓர் ஓரமாக நின்றோம். அப்பா ஒரு ஸ்பூன் எடுத்துவிட்டு, "கசக்குதே" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அர்னோ கரை சொன்ன இரண்டு நிமிடம் ஞாபகம் வந்து, "கொஞ்சம் பொறுங்கப்பா" என்றேன். சாண்டா குரோசே வரை நடந்துவிடலாம் என்று அவரே சொன்னார். அதற்குள் உருகிவிடுமே என்று நான் பயந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கப்பை என்னிடமிருந்து வாங்கி, கைக்குட்டையை நாலாக மடித்து அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டார். முழங்கால் வலி என்று எங்குமே நிற்கவில்லை. பையனும் நானும் பின்னால் எட்டி நடக்க வேண்டியதாகிவிட்டது.

கல் பெஞ்சில் உட்கார்ந்துதான் மீதியைச் சாப்பிட்டார். ஓரம் இளகியிருந்தது. இரண்டாவது ஸ்பூனுக்குப் பிறகு பேச்சே இல்லை. பையன் ஒரு வாய் கேட்டான், கொடுத்தார். இன்னொன்று கேட்டான், "உனக்குத்தான் அந்த வெள்ளை இருக்குல்ல" என்றார். அப்பா ஒரு பண்டத்தைப் பேரனுக்கு இல்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. முடித்துவிட்டுக் கப்பின் அடியைச் சுற்றிச் சுற்றி வழித்தார். பிறகு, "இதுல ஏதோ நாவல்பழம் மாதிரி ஒரு துவர்ப்பு வருது, கவனிச்சியா?" என்றார். எனக்குத் தெரியவில்லை, நான் பையனோடு ஸ்ட்ராச்சடெல்லா வாங்கியிருந்தேன். இவ்வளவும் எழுதிக் கேட்டுவிட்டு நான் அதைச் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

சனிக்கிழமை ரயில் 12.20-க்கு. அதற்கு முன் ஒருமுறை போகலாமா என்று படுக்கப் போகும்போது அப்பாதான் கேட்டார். காலையில் முந்தின நாளுடையதுதான் இருக்கக்கூடும் என்று சொன்னேன், பரவாயில்லை என்கிறார். அதனால் பெட்டிகளைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்கு அங்கே போய் நிற்கலாம் என்று இருக்கிறோம். இந்தத் தடவை மூன்று கப், மூன்றும் ஃபோண்டென்டே. பலேர்மோ தம்பி, சிசிலி எந்த மாதம் வந்தால் வெயில் குறைவாக இருக்கும்?